ஈயத்தாள் சுற்றிய கித்தார்

காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தின் நடுவில் நின்ற ஜப்பான் துரை தம் பிரம்பை மேட்டை நோக்கி நீட்டினார். தேயிலைச் செடிகள் மஞ்சுக்குள் மறைகிற இடத்தில் ஒற்றை நிழல்மரம் ஒன்று தெரிந்தும் தெரியாமலும் நின்றது.

"சம்பாய் சானா," என்றார். அதுவரைக்கும் என்று அர்த்தம்.

பிறகு பிரம்பின் நுனியை என் மச்சான் சவரிமுத்துவின் கழுத்தில் தொங்கிய கித்தாரின் மேல் வைத்தார். "செமுவா மெஸ்தி டெங்கார்."

எல்லாருக்கும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் மலாய் பேசவில்லை. களத்து ஓரம் நின்ற லோரியைத் திரும்பிப் பார்த்தார். "சயாம்," என்றார். அந்த ஒரே சொல்தான்.

மச்சானின் விரல்கள் தந்திகளின் மேல் இருந்தன. அவர் வாசிக்கவில்லை. ஆனாலும் ஒரு தந்தி அதிர்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

பத்திரிகைப் பத்தியில் இந்த வாரம் கித்தார் கதையை எழுதப் போகிறேன் என்றதும் என் அக்கா ரெஜினா, "எழுது தம்பி. கங்காணியப் பத்தி வர்ற எடத்துல மட்டும் பாத்து எழுது," என்றாள். பார்த்துத்தான் எழுதுகிறேன்.

படித்தவன் செய்வான்

சவரிமுத்து என் அக்காவின் கணவர். தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் கித்தார் வாசிப்பார். வெள்ளைக்காரர் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு கோவாக்காரர், ஊருக்குப் போகும்போது விட்டுப்போன கித்தார் அது.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பாட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பாட, மச்சான் வாசிக்க வேண்டும். மலாயாவின் மலையூரான தானா ராத்தாவில் ஒரு விழா. பிள்ளைகள் கத்திய கத்தலில் கித்தார் யார் காதிலும் விழவில்லை. மலைக்குக் கீழேயிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி, தந்தியே இல்லாத பெட்டியைச் சொறிகிறான் என்கிற மாதிரி கையைச் சொறிந்து காட்டிச் சிரித்தார். எங்கள் துரை சிரிக்கவில்லை. அதே பெரிய அதிகாரி எங்கள் எஸ்டேட்டுக்கே வரப் போகிறார் என்று தெரிந்த அன்றுதான் பிரம்பு மேட்டை நோக்கி நீண்டது.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ரேடியோவும் கிராமபோனும் சேர்ந்த பெரிய பெட்டி ஒன்று இருந்தது. ரேடியோப் பக்கத்தின் உள்ளுறுப்புகளைப் பிடுங்கி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். கிராமபோன் பக்கமும் ஒலிபெருக்கியும் வேலை செய்தன. அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் துரை.

"சின்னக் கிராணி படிச்சவன் துவான். அவன் செஞ்சிருவான்," என்று மலாயில் என்னைக் காட்டிக் கொடுத்தவர் பெரிய கங்காணி அங்கமுத்து.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா கடைசி வரை கைநாட்டு. நான் மலையடிவாரத் தாப்பாவில் பாதிரியார் பள்ளியில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்துத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி ஆனதிலிருந்து, எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் கடிகாரம் நின்றால் என்னிடம் வருவார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். படித்தவனுக்குத் தெரியாது என்று ஒன்று இருக்கக் கூடாது.

கங்காணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது துரைக்கும் தெரியும் என்று நாங்கள் நம்பினோம். அவர் லயத்தில் நடந்தால் பேச்சு நின்றுவிடும். அவருடைய மகன் முருகேசன் முதல் லோரியிலேயே சயாமுக்குப் போனவன். ரயில் பாதை போடும் வேலை, கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் தயங்கியபோது, கங்காணி மகனே ஏறுகிறான் பாருங்கள் என்று காட்ட அவனை முதலில் ஏற்றினார். அதற்குப் பிறகு கீழேயிருந்து யார் வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "சயாம்ல இருந்து எதுனா சேதி உண்டா?" என்பதுதான்.

எதை வைத்துக் கேட்பது

பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் செத்துக் கிடந்த டெலிபோன் ஒன்று இருந்தது. முதலில் அதன் பேசும் வாயைக் கழற்றினேன். உள்ளே கரித்தூள். அதைக் கித்தாருக்கு முன்னால் தொங்கவிட்டு ஒலிபெருக்கியை முடுக்கினோம். தகரக் கூரையில் மழை விழுவது போல ஓர் இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ கித்தார். மச்சான் இருமினார். இருமல் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஒலிபெருக்கிப் பக்கம் ஓரடி நகர்ந்ததும் அது ஊளையிடத் தொடங்கியது.

"தன் சத்தத்தத் தானே கேட்டு அழுவுது," என்றார் மச்சான்.

"பெட்டிய விட்டுத் தூரமா நிக்கணும் மச்சான்."

"எவ்ளோ தூரம் மாப்ள? சயாம் வரைக்குமா?"

அந்த நாட்களில் அவர் பேசியதெல்லாம் இப்படித்தான். சிரிக்கவும் முடியாது.

அடுத்தது கிராமபோன் ஊசியைப் பிடித்திருக்கும் தலை. அதைக் கழற்றி, ஊசி முனை கித்தாரின் வயிற்று மரத்தில் படும்படி சைக்கிள் டியூப் துண்டால் கட்டினோம். இதற்குக் காற்றில் வரும் சத்தம் கேட்காது. மரம் நடுங்குவது மட்டுமே கேட்கும். மச்சான் வேண்டுமென்றே இருமிப் பார்த்தார். இருமல் அவரோடேயே நின்றது.

எங்கே கட்டுவது என்பதற்கே ஒரு மாலை போயிற்று. தந்திகள் முடிகிற கட்டையின் ஓரத்தில் வைத்தால் சில்லென்று காதைக் கிழித்தது. துளைக்குப் பக்கத்தில் வைத்தால் பானைக்குள் பேசுவது போல முழங்கி மறுபடியும் ஊளைக்குத் தயாரானது. இரண்டுக்கும் இடையில், கட்டைக்குச் சற்றுக் கீழே ஓர் இடத்தில், கித்தார் தன் சொந்தக் குரலில் பேசியது.

தொழிற்சாலையில் உருளைகள் ஓடத் தொடங்கியதும் இன்னொரு தொல்லை. ஒலிபெருக்கிக்குள் வண்டு புகுந்தது போல ஒரே ரீங்காரம். மின்சாரம் ஓடும் வயர்களின் முனகலை எங்கள் வயர் வாங்கிக்கொள்கிறது என்பது எனக்குப் புரிந்தது. தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டுகிற ஈயத்தாள் கட்டுக் கட்டாகக் கிடந்தது. வயர் முழுக்க அதைச் சுற்றி, ஒரு முனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டினேன். வண்டு அடங்கியது. கித்தாரின் வயிற்றிலும் கொஞ்சம் ஒட்டினேன்.

"கித்தார எங்க ஏத்துமதி பண்ணப் போற?" என்றார் மச்சான்.

அக்காவை மேட்டு மரத்தடிக்கு அனுப்பினோம். கேட்டால் துண்டை ஆட்ட வேண்டும். மச்சான் ஒரு ஜெபப் பாட்டை வாசித்தார். மஞ்சு நகர்ந்து மரம் தெரிந்தபோது வெள்ளைத் துண்டு ஆடிக்கொண்டிருந்தது. மச்சான் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாட்களில் அன்றுதான் அவர் முழுத்தட்டுச் சாப்பிட்டார்.

மஞ்சும் அடுப்பும்

மலையில் இருந்தவர்களுக்கு ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்த சட்டை நனைந்திருக்கும். தீக்குச்சி பற்றாது. செருப்பில் காளான் முளைக்கும். எங்களுக்கு இதற்கெல்லாம் ஒரே மருந்துதான். தேயிலை அடுப்பின் வாய். சுடு காற்று வெளியே வருகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. தொழிற்சாலை ஆட்கள் காலுறை, தீப்பெட்டி, குழந்தையின் துணி, ஏன், ஜெபப் புத்தகத்தைக்கூட அதில் வைத்துக் காயவைப்பார்கள்.

ஒத்திகை முடிந்து இறங்கி வரும்போது தூறல். கிராமபோன் தலை நனைந்துவிட்டது. மச்சான் அதைத் துடைத்து, எல்லாரும் எல்லாவற்றையும் வைக்கிற அந்தப் பலகையில் வைத்தார். பக்கத்தில் என் காலுறைகளை நான் வைத்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் காலை அதைக் கட்டி வாசித்தபோது ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. தலையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த சின்னஞ்சிறு படிகம் சப்பிப் போட்ட கற்கண்டு போலிருந்தது. அது ஒருவகை உப்பு என்றும், ஈரமும் சூடும் அதற்கு ஆகாது என்றும், சண்டை முடிந்த பிறகுதான் ஒரு வானொலிப் பத்திரிகையில் படித்தேன்.

"காய வச்சது தப்பா?" என்று மச்சான் கேட்டார். மறுபடியும் மறுபடியும் அதையே கேட்டார். "ஈரத்தக் காயத்தானே வச்சேன் மாப்ள."

அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "வேற எதுவுமே இல்லியா தம்பி?"

நாங்கள் மூவரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். சுவரோரம் விறகு அடுக்கியிருந்தது.

பிஸ்கட் டின்

விறகுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. டின்னுக்குள் ஒரே வால்வு வைத்த ரேடியோ. வெள்ளைக்காரத் துரை எறிந்த பத்திரிகைகளைப் பார்த்து நானே கட்டியது. காதில் வைக்கிற ஒற்றைக் குமிழில்தான் அது பேசும். மாலையில் அடுப்பு இரையும் நேரத்தில் கொஞ்சம் கேட்போம். கேட்டதை மூவரும் மென்று விழுங்கிவிடுவோம். பக்கத்து எஸ்டேட்டில் இதுபோல ஒன்றை வைத்திருந்த மருந்துக்காரரை அழைத்துப் போனார்கள். அவருடைய மிதியடி மட்டும் வாசலில் நெடுநாள் கிடந்தது.

அந்தக் காதுக் குமிழைக் கித்தாரில் கட்டினால், அது பேசுவதற்குப் பதிலாக மரத்தின் நடுக்கத்தைக் கேட்கும். ஆனால் அதற்கு மிக மெல்லிய குரல். பங்களாப் பெட்டிக்கு அது போதாது. வழியில் ஒரு வால்வு அந்தக் குரலை வளர்த்து அனுப்ப வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே வால்வு டின்னுக்குள் இருந்தது.

"அப்ப டின்ன எடுத்துட்டுப் போயி அவனுங்க முன்னாடியே வைக்கச் சொல்றியா?" என்றாள் அக்கா.

"நிலையம் பிடிக்கிற சுருளயும் திருப்புற தகட்டயும் கழட்டிட்டா அது ரேடியோவே இல்லக்கா. வெறும் சத்தம் வளக்குற பெட்டி."

தகட்டைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தால் யாருக்கும் தெரியாது. சுருள்தான் சிக்கல். கட்டைவிரல் நீள மூங்கிலில் பச்சைப் பட்டுநூல் போர்த்திய செம்புக் கம்பி. விவரம் தெரிந்தவன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான்.

"அடுப்புல போடு," என்றாள் அக்கா.

"இந்தக் கம்பி இனிமே கெடைக்காது."

"எனக்குப் புருசனும் இனிமே கெடைக்க மாட்டாருடா."

வீட்டில் வைக்கவும் முடியாது. விழா என்று ஆட்களைக் களத்தில் நிறுத்திவிட்டு லயத்தைச் சோதிப்பது அவர்கள் வழக்கம். தோட்டத்தில் புதைத்தால் புது மண் காட்டிக் கொடுக்கும். மச்சான் சுருளை வாங்கிக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார். மெழுகுவத்தி ஒன்றை உருக்கினார். கித்தாரின் துளைக்குள் கையை விட்டு, உள்பக்கத்து மூலையில் சுருளை மெழுகால் ஒட்டினார்.

"அவனுங்க எல்லாத்தயும் தேடுவானுங்க," என்றார். "வாசிச்சிக்கிட்டிருக்கற கித்தாரயா தேடப் போறானுங்க? போதும்லா, போயி டின்னுக்கு மூடி தேடு."

பாட்டுக்குள் ஒரு கடகடப்பு

விழாவன்று காலை மஞ்சு இறங்காமல் நின்றது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ராணுவக்காரன் வந்து டின்னின் மூடியைத் திறந்தான். ரேடியோ விவரம் தெரிந்தவன் என்பது அவன் வயர்களைத் தொட்ட விதத்திலேயே தெரிந்தது. வால்வைப் பார்த்தான். ஈயத்தாளை நகத்தால் சுரண்டினான். சுருள் இருந்த இடத்து வெற்றுத் துளைகளின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தான்.

"கித்தார் சத்தம் கூட்டுவதற்கு," என்று இங்கிலீஷில் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் மூடியைப் போட்டுவிட்டுப் போனான்.

பெரிய அதிகாரி வந்தார். பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். மச்சான் வாசித்தார். காதுக் குமிழ் கிராமபோன் தலையைவிடக் கொஞ்சம் கனத்த குரலில் பேசியது. ஆனால் பேசியது. பிள்ளைகளின் கத்தலுக்கு மேலாகக் கித்தார் ஏறிப் போய் மேட்டில் நின்ற ஆட்களைத் தொட்டது. துரையின் முகம் மலர்ந்தது.

அப்போது வெயில் வந்தது. அந்த மலையில் கேட்டால் வராத வெயில், அன்று கேளாமல் வந்தது. மச்சான் கறுத்த கித்தாரோடு நேர் வெயிலில் நின்றார். மெழுகைப் பற்றி எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

முதலில் ஒரு சின்ன 'டொக்'. அடுத்து 'கடகட'வென்று உருளும் சத்தம். கித்தாரின் வயிற்றில் நடப்பதையெல்லாம் மலைக்கே சொல்லும்படி கட்டியது நான்தான். அது சொன்னது. சுருள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருண்டது ஒலிபெருக்கியில் மாட்டு வண்டி போல் ஓடியது. மூக்குக்கண்ணாடிக்காரன் தலையைத் திருப்பினான்.

சத்தத்தைக் குறைக்கலாம் என்று என் கை பங்களாப் பெட்டியின் ஒலிக் குமிழுக்குப் போனது. குறைத்தால் மேட்டுக்குக் கேட்காது. கையை எடுத்துக்கொண்டேன்.

மச்சான் வாசிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் கித்தாரை ஒரு வெட்டு வெட்டிச் சாய்த்தார். உருளல் தாளத்தில் வந்து விழுந்தது. கட. கட. கட. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்க் கை தட்டினார்கள். மேட்டிலிருந்தும் கை தட்டல் வந்தது. மச்சானின் முகத்தில் வேர்வை ஓடியது, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க முடியாமல் வைத்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது. பெரிய அதிகாரி துரையிடம் ஏதோ சொன்னார். துரை கித்தாரைக் காட்டிக் கையால் அழைத்தார். வணக்கம் முடிந்ததும் அதை இங்கே கொண்டு வா என்று அர்த்தம்.

குனிந்த தலைகள்

வணக்கம் என்றால் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கு நோக்கி இடுப்பு வரை வளைந்து குனிய வேண்டும். அதிகாரிகளும் குனிவார்கள். சொல்லும் வரை நிமிரக் கூடாது.

களம் முழுக்கக் குனிந்தது. மச்சானும் குனிந்தார். கழுத்துக் கயிற்றில் கித்தார் தொங்கியது, துளை தரையைப் பார்த்தபடி. ஒலிபெருக்கியில் கடைசியாக ஒரு 'கட' கேட்டது. அதன் பிறகு ஒன்றும் இல்லை. விழுந்துவிட்டது என்று அந்த அமைதியிலிருந்து தெரிந்துகொண்டேன்.

என் கண்கள் தரையில் இருந்தன. பச்சை நிறத்தில் ஒன்று சரிவில் மெதுவாக உருண்டு வந்தது. என்னைத் தாண்டியது. முன் வரிசையில் பெரிய கங்காணியின் பூட்ஸ் முனைக்கு எதிரில் நின்றது.

அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறந்தால் போதும். பூட்ஸ் மெல்ல உயர்ந்தது. சுருளின் மேல் இறங்கியது. மழை ஊறிய மண்ணில் அழுந்தியது.

நிமிரச் சொன்னார்கள். பெரிய அதிகாரி கித்தாரை வாங்கிக் குலுக்கினார். ஒன்றும் இல்லை. துளைக்குள் கண்ணை வைத்தார்.

"தாடி புன்யி அப்பா?" அப்போது கேட்ட சத்தம் என்ன என்று துரை கேட்டார்.

மச்சான் ஈயத்தாள் ஒட்டிய வயிற்றில் நகத்தால் தட்டிக் காட்டினார். "இனி, துவான்," என்றார். இதுதான் ஐயா என்று அர்த்தம். பெரிய அதிகாரி தானும் தட்டினார். ஒலிபெருக்கி 'கட' என்றது. அவர் சிரித்தார். துரையும் சிரித்தார். லோரி அன்று காலியாகவே போனது.

ஆட்கள் கலைந்தார்கள். கங்காணி கலையவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார். நான் வயர்களைச் சுருட்டுவது போல் காத்திருந்தேன். கடைசியில் அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். போனார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது மண்ணில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

சொன்னானா?

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு அந்தக் காலத்திலேயே மோசமானவை. பெரட்டில் கங்காணி என் பெயரைக் கூப்பிட்டால் முதலில் லோரி நிற்கிறதா என்று பார்ப்பேன். லோரி ஏற்றத்தில் முனகினால் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள்.

"அவர் ஏன் இன்னும் சொல்லல?" என்பாள்.

"வெலை பேச வருவாரு," என்பார் மச்சான்.

ஒரு ஞாயிறு பிற்பகல் மழையில் கங்காணி குடையோடு வந்தார். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் வெறுங்காலோடு வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. தலைத்துண்டை எடுத்து அதன் முடிச்சை அவிழ்த்தார். மண் கழுவிய சுருளை மேசை மேல் வைத்தார். ஒரு பக்கம் மூங்கில் நசுங்கியிருந்தது.

"கம்பி அறல," என்றார். "பாத்துத்தான் கழுவுனேன். இது ரேடியோ சாமான்தானே கிராணி?"

மச்சான் கதவருகே போய் நின்றுகொண்டார். நான் தலையாட்டினேன்.

"வெளியூரு சேதியெல்லாம் இதுல வருமா?"

"வரும் கங்காணியார்."

அவர் சுருளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சயாம்ல இருக்கற ஆளுங்க பேரு சொல்லுவானா? எம்மவன் பேரு அதுல வருமா?"

அக்கா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எந்த நாட்டு ரேடியோவும் எங்கள் ஆட்களின் பெயரை வாசிக்காது என்பது எனக்குத் தெரியும். படித்தவனுக்குத் தெரிந்துதான் தொலைக்கிறது. அவரைத் திருப்பி அனுப்பவும் பயம். உண்மையைச் சொல்ல அதைவிடப் பயம்.

"கேட்டுப் பாப்போம்," என்றேன்.

புது மூங்கிலில் சுருளை மறுபடி சுற்றினேன். காதுக் குமிழைக் கித்தாரிலிருந்து அவிழ்த்து டின்னில் மாட்டினேன். தகட்டை இரும்புக் குவியலிலிருந்து மச்சான் தேடி எடுத்து வந்தார். அது முதல் மஞ்சு இறங்குகிற மாலைகளில் கங்காணி வருவார். தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குமிழைக் காதில் அழுத்தி, கண்ணை மூடி உட்காருவார். அவருக்குத் தெரியாத இங்கிலீஷில் யாரோ பேசுவார்கள். அவர் அசைய மாட்டார்.

"பாஷை புரியலன்னா என்ன கிராணி? முருகேசன்னு சொன்னா எனக்குத் தெரியாதா?" என்று ஒருநாள் சொன்னார்.

"தெரியும் கங்காணியார்."

முடிந்ததும் குமிழைத் துண்டால் துடைத்து என்னிடம் தருவார். "இன்னைக்குச் சொல்லல," என்பார், ஏதோ நான்தான் ஆறுதல் தேடி வந்தவன் போல.

மச்சான் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பாதையைப் பார்ப்பார். யாரும் இல்லை என்று கையசைப்பார். கங்காணி வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டுவார்.